திருகோணமலைப் பொறியியலாளர் ஒருவரும் அவருடைய எம்.பி.ஏ.வும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பொறியியலாளரும் நானும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவர் பராமரிப்புப் பிரிவு, நான் கணக்குப் பிரிவு. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதியதை வாசித்து இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார். துறைமுகத்தை நம்பி இயங்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை என்பது போதும். அங்கே என்ன உற்பத்தி என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். பணத்தொகைகளை வட்டமாக்கியிருக்கிறேன், ஆனால் கணக்கின் போக்கு மாறவில்லை.

பின்னணி

2019இல் அவருக்கு 36 வயது. உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம், பிறகு பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல். பட்டயப் பொறியியலாளர் தகுதியும் எடுத்திருந்தார். தொழிற்சாலையில் 11 ஆண்டுகள், கீழே 19 தொழில்நுட்பவியலாளர்கள். இரவு 2 மணிக்கு கன்வேயர் நின்றாலும் வீட்டிலிருந்து வந்து நிற்பார். அவர் கையில் இயந்திரம் நம்பகமாக ஓடியது. அதிலே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் வரவுசெலவுத் திட்டக் கூட்டத்துக்கு அவரை அழைப்பதில்லை. ஏதாவது உடைந்தால் மட்டும் அழைப்பார்கள். "ஏன் உடைந்தது, எப்போது சரியாகும்?" இரண்டு கேள்வி, அவ்வளவுதான். திருகோணமலையில் பெரிய தொழிற்சாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மேலே போக நினைக்கும் பொறியியலாளர் கொழும்புக்குப் போவார், இல்லாவிட்டால் வளைகுடாவுக்குப் போவார். இவருக்கு வயதான பெற்றோர், மனைவி ஊரிலேயே ஆசிரியை, மகள் ஆரம்பப் பள்ளியில். ஊரை விட மனமில்லை.

திரும்பிப் போன முன்மொழிவு

அந்த ஆண்டு நடுப்பகுதியில் அவர் ஒரு முன்மொழிவு கொடுத்தார். எங்களிடம் இருந்த காற்றை அழுத்தி இயந்திரங்களுக்கு அனுப்பும் இரண்டு பழைய 75 கிலோவாற்று காற்றுக் கொம்பிரசர்களை எடுத்துவிட்டு, தேவைக்கேற்ப வேகம் மாறும் புதியவற்றைப் போடவேண்டும் என்று கேட்டிருந்தார். 11 பக்கம். அழுத்தம், காற்றோட்டம், சுமையில்லாமல் ஓடும்போது வீணாகும் மின்சாரம், எல்லாம் வரைபடத்தோடு இருந்தன. பணம் பற்றி ஒரே ஒரு வரி, கடைசிப் பக்கத்தில் விலை.

நான் அதன் மேல் மூலையில் பென்சிலால் "பணம் எப்போது திரும்பும்?" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். கேள்வி சரியானதுதான். ஆனால் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எனக்கு எந்த எண் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேர வேலை, நான் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து கன்டீனில் வந்து நின்று, "அண்ணன், நான் கேட்டது மெஷின். நீங்கள் கேட்கிறது வட்டிக் கணக்கு. அந்தக் கணக்கு எனக்குச் சொல்லித்தந்தது யார்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

என்ன படிப்பது, ஏன்

அடுத்த ஓராண்டு இருவரும் உட்துறைமுக வீதி மதிலில் இருந்து பல மாலைகள் இதையே பேசினோம். பொறியியலில் முதுமாணி செய்யலாம். ஆனால் அவரிடம் குறைந்திருந்தது பொறியியல் அறிவு இல்லை. திட்ட முகாமைத்துவச் சான்றிதழ் எடுத்தால் செலவு குறைவு, காலமும் குறைவு. ஆனால் கொடுத்த திட்டத்தை நடத்தத்தான் அது உதவும், எந்தத் திட்டம் வேண்டும் என்று வாதாட உதவாது. மிஞ்சியது வேலையில் இருப்பவர்களுக்கான எம்.பி.ஏ., அதாவது வணிக நிர்வாக முதுமாணி. இந்த வகைப் படிப்பு புதியதல்ல. அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகம் 1943இலேயே தொடங்கியது. முழுநேர எம்.பி.ஏ.வுக்கும் இதற்கும் பாடம் பெரும்பாலும் ஒன்றேதான், ஆனால் வகுப்பில் இருப்பவர்கள் வேறு. இங்கே பக்கத்தில் இருப்பவர் பத்து, பதினைந்து ஆண்டு வேலை செய்தவர். அவருடைய நிறுவனத்தின் பிரச்சினையும் பாடத்துக்குள் வந்துவிடும்.

பட்டத்தின் தரத்தைப் பார்ப்பதில் அவர் கவனமாக இருந்தார். பட்டங்களை மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 30 திறமைப்புள்ளிகளோடு பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வும் சேர்ந்து 60 புள்ளிகள் என்றால் 10ஆம் மட்டம். பாதியில் நிறுத்த நேர்ந்தால் 8ஆம் மட்டத்தில் பட்டப்பின் டிப்ளோமாவோடு வெளியேற வழியுண்டா என்றும் கேட்டுவைத்தார். "ஒரே வருடத்தில் எம்.பி.ஏ." என்று வந்த விளம்பரங்களை, பட்டம் தரும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்த்தே தள்ளினார். கடைசியில் கொழும்பில் ஒரு அரச பல்கலைக்கழகம், 10ஆம் மட்டம், இரண்டு ஆண்டு.

கட்டணம் அவருடைய ஏறத்தாழ எட்டு மாதச் சம்பளம். மனிதவளப் பிரிவு பாதியைத் தர முன்வந்தது, ஆனால் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு விலகமாட்டேன் என்று பிணைமுறி எழுதிக் கொடுக்க வேண்டும். என்னிடம் கேட்டார். "கையைக் கட்டிக்கொள்ளாதே தம்பி, வங்கியில் கடன் எடு, தவணை சமாளிக்கலாம்" என்றேன். மாறும் வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன் எடுத்தார். அப்போது வட்டி 11 வீதம். ஊரை விடவே விரும்பாத ஒருவருக்கு மூன்று ஆண்டுப் பிணை பெரிய விலை இல்லை. எனக்கு அது அப்போது படவில்லை.

முதல் ஆண்டு: ஸ்டோர்ஸ்

2021 ஜனவரியில் தொடங்கினார். கொரோனாக் காலம், விரிவுரை எல்லாம் ஸூமில். வகுப்பில் பெரும்பாலானோர் கொழும்புக்காரர். வங்கி அதிகாரிகள், மருந்து விற்பனை முகாமையாளர்கள், மென்பொருள்காரர்கள். இவர் முதல் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. ஆங்கிலம் தெரியாமல் இல்லை, அந்த வேகத்தில் பேசிப் பழக்கமில்லை.

மாற்றம் வந்தது ஒரு குழு வேலையில். தொழிற்படு மூலதனம், அதாவது அன்றாடம் தொழிலை நடத்த முடங்கியிருக்கும் பணம் பற்றிய பாடம். குழுவிலிருந்த வங்கி அதிகாரி ஒருவர், "உங்கள் ஸ்டோர்ஸில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எங்களிடம் வட்டிக்கு வாங்கிய காசு" என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலை இவர் கொப்பியோடு ஸ்டோர்ஸுக்குள் போனார். அன்று நானும் கூடப் போனேன். கீழ்த்தட்டில் எண்ணெய்த்தாளில் சுற்றிய பெரிய பெயரிங்குகள் வரிசையாக இருந்தன. தூசியைத் துடைத்து இலக்கத்தைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். அவை எந்த மெஷினுக்குரியவையோ அதைக் கழற்றி இரும்புக்கு விற்று ஆறு ஆண்டாகியிருந்தது. கழற்றியவர் அவரே.

மூன்று வாரத்தில் முழுப் பட்டியல் வந்தது. 38 மில்லியன் ரூபா உதிரிப்பாகங்களில் 9 மில்லியன் மூன்று ஆண்டாக அசையவில்லை. எங்கள் கணக்குப் பிரிவிடம் மொத்தத் தொகை மட்டும்தான் இருந்தது. எது எதற்கு என்று தெரிந்தவர் அவர், எவ்வளவு என்று தெரிந்தவர்கள் நாங்கள். பத்து ஆண்டாக இரண்டு தகவலும் இரண்டு அறையில் கிடந்தன. இந்தப் படிப்பு ஒரு தொழில்நுட்பக்காரருக்கு என்ன செய்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த ஸ்டோர்ஸைத்தான் சொல்வேன்.

அவருடைய யோசனைக்கு இரண்டு பகுதி. அசையாததை விற்பது ஒன்று. வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதமாகும், இல்லாவிட்டால் முழு உற்பத்தி வரிசையும் நிற்கும் என்ற ஆறு பாகங்களைக் கூடுதலாக வாங்கி வைப்பது மற்றது. பாடப்புத்தகம் இருப்பைக் குறை என்கிறது. "புத்தகம் எழுதினவருக்குப் பாகம் அடுத்த நாள் வரும் அண்ணன், எங்களுக்குக் கப்பல் வரவேண்டும்" என்றார். நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு குறைவதை பொருளாதார விரிவுரையில் பேசியிருந்தார்கள். நிர்வாகம் முதல் பகுதியை உடனே ஏற்றது, இரண்டாவதில் மூன்று பாகங்களை மட்டும் அனுமதித்தது. அனுமதிக்காத மூன்றில் ஒன்று கியர்பெட்டி ஒன்றின் சீல். 2022 மே மாதம் அது போனது. இறக்குமதிக்கு வங்கி தரும் கொடுப்பனவு உறுதியான நாணயக்கடிதம் திறக்க வங்கியில் டொலர் இல்லை. வரிசை ஒன்பது நாள் நின்றது.

கொழும்புப் பயணங்கள்

2021 கடைசியில் வகுப்புகள் நேரில் தொடங்கின. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளி இரவு பஸ். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏறத்தாழ 260 கிலோமீற்றர். விடியுமுன் புறக்கோட்டை, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் குளிப்பு, சனியும் ஞாயிறும் வகுப்பு, ஞாயிறு இரவு திரும்ப பஸ், திங்கள் 8 மணிக்கு வேலை. பஸ் நிலையத்தில் மான்கள் படுத்திருக்கும் நேரத்தில் போய், அவை எழும்பி நடக்கும் நேரத்தில் வந்து இறங்குவேன் என்பார்.

வீட்டில் எல்லாம் மனைவி தலையில் விழுந்தது. 2022இல் மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பு. அந்த ஆண்டு முழுவதும் பாதி வார இறுதிகளில் அப்பா இல்லை. இதை எந்த வருமானக் கணக்கிலும் போட முடியாது, ஆனால் முடிவெடுக்குமுன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

தொழிற்சாலைத் தளத்திலும் ஒரு விரிசல் வந்தது. இயந்திரம் பொருத்தித் திருத்தும் மூத்த பிற்றர் ஒருவர் என்னிடமே சொன்னார்: "சேர் இப்ப கையில கிறீஸ் படாம வாறார்." அது உண்மை. ஆறு மாதமாக அவர் எக்செல் தாளோடு இருந்தார். நான் சொன்னதும் முகம் சுருங்கியது. அடுத்த நாளிலிருந்து காலை முதல் ஒரு மணி நேரம் தளத்தில், கொப்பி இல்லாமல். அந்த ஒரு மணி நேரத்தை அவர் இன்றுவரை விடவில்லை.

2022: தன் முன்மொழிவைத் தானே திரும்பப் பெற்றது

பெப்ரவரியில் கொம்பிரசர் முன்மொழிவை மறுபடி கொடுத்தார். இம்முறை ஒன்றரைப் பக்கம். விலை 12 மில்லியன், ஆண்டுக்கு மின்சாரத்தில் மிச்சம் 3.2 மில்லியன், ஆயுள் 7 ஆண்டு. பின்னால் வரும் பணத்துக்கு இன்று மதிப்புக் குறைவு என்பதால் 12 வீத வட்டியில் கழித்துப் பார்த்தால் அந்த ஏழு ஆண்டு மிச்சத்தின் இன்றைய பெறுமதி 14.6 மில்லியன். அதாவது போட்டதற்கு மேல் 2.6 மில்லியன். பணிப்பாளர் சபை மார்ச் மாதம் கொள்கையளவில் சம்மதித்தது. மூன்று ஆண்டு காத்திருந்த மெஷின்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டது. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தி, வங்கிகளுக்குக் கொடுக்கும் கடன் வீதத்தை 14.5 ஆக்கியது. வங்கிகள் எங்களிடம் கேட்ட வட்டி 20ஐத் தாண்டியது. மே மாதம் ஒரு காலை அவர் என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். 25 வீதத்தில் அதே மிச்சத்தின் பெறுமதி 10.1 மில்லியன், மெஷின் விலையோ 21.6 மில்லியன். "இப்ப வாங்கக்கூடாது. நான் வாபஸ் வாங்குறேன்" என்றார்.

நான் 20 ஆண்டுக்கு மேல் கணக்குப் பிரிவில் இருந்தவன். ஒரு பொறியியலாளர் தான் கேட்டு அனுமதியும் கிடைத்த இயந்திரத்தை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்ததை அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தத் தாளுக்குப் பிறகுதான் பொது முகாமையாளர் அவரை வரவுசெலவுக் கூட்டத்துக்கு அழைக்கத் தொடங்கினார். பட்டம் கையில் வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது.

போயா நாள்

வாங்க முடியாது, சரி. மின்சாரச் செலவு அப்படியே இருக்கிறது, மின்வெட்டு நேரத்தில் டீசலில் ஜெனரேற்றர் ஓடுகிறது. ஜூன் மாதப் பொசன் போயா (பௌர்ணமி) விடுமுறையில் தொழிற்சாலை மூடியிருந்தபோது கொம்பிரசரை மட்டும் ஓடவிட்டார். காற்றுப் பாவிக்கும் எந்த இயந்திரமும் ஓடவில்லை என்றால் கொம்பிரசருக்கும் வேலை இருக்கக்கூடாது. ஆனால் அது 10 நிமிடத்துக்கு 4 நிமிடம் சுமை ஏற்றி ஓடியது. அதன் கொள்ளளவில் 40 வீதம் எங்கேயோ கசிகிறது.

பெற்றோல் இல்லாததால் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். அவர், அந்த மூத்த பிற்றர், இன்னொரு பையன், கையில் சவர்க்காரத் தண்ணீர் வாளி, சிவப்புத் துணித் துண்டுகள். வழக்கமான இரைச்சல் இல்லாததால் குழாய்களின் சீறல் காதில் விழுந்தது. பிற்றர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நடப்பார், நிற்பார், கையைக் காட்டுவார். பையன் தண்ணீரைப் பூசுவான், நுரை கிளம்பும், துணியைக் கட்டுவான். மத்தியானத்துக்குள் 31 துணிகள். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று விடும் காற்றை நிரப்ப 3 முதல் 4 கிலோவாற்று வேண்டும். ஆண்டு முழுவதும் விட்டால் ஏறத்தாழ 30,000 அலகு மின்சாரம். இத்தனை காலம் நான் கட்டிய மின்கட்டணத்தின் ஒரு பகுதி காற்றில் சீறிப் போவதை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன்.

திருத்தியபின் 4 நிமிடம் 1 நிமிடமானது. கப்ளிங், ஹோஸ், கிளிப் செலவு மிகச் சிறியது. இதற்கு எம்.பி.ஏ. தேவையா என்று அவரிடமே கேட்டேன். கசிவு இருப்பது முன்பும் தெரியும், ஆனால் புது மெஷின் கேட்பதுதான் பொறியியலாளரின் வேலை என்று நினைத்திருந்தேன் என்றார்.

அவருக்குத் தனிப்பட்ட முறையில் அந்த ஆண்டு மிகக் கடினம். கடன் வட்டி 24 வீதத்துக்குப் போய் மாதத் தவணை கணிசமாகக் கூடியது. 2023 ஜனவரியில் வருமான வரி மாற்றத்தில் உச்ச வீதம் 36 ஆகி, கைக்கு வரும் சம்பளமும் குறைந்தது. மனைவியின் காப்புகள் அடகுக்குப் போயின. நான் சொன்ன புத்தியின் விலை அது.

பட்டம் வந்த பின்

விரிவுரைகள் முடிந்தும் ஆய்வு இழுத்தது. இறக்குமதியை நம்பிய தொழிற்சாலைகளில் உதிரிப்பாக இருப்பு பற்றிய ஆய்வு. தரவைப் பயன்படுத்த நிறுவனத்தின் எழுத்து அனுமதி கிடைக்க ஆறு மாதம் போனது. 2023 கடைசியில்தான் பட்டம் உறுதியானது.

கொம்பிரசர் திரும்ப வந்தது அதே ஆண்டு நடுப்பகுதியில். மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியிருந்தது. ஜூனில் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. கசிவு அடைத்ததால் சிறிய மெஷினே போதும், விலை 13 மில்லியன், ஆண்டு மிச்சம் 5.1 மில்லியன். இரண்டரை ஆண்டில் பணம் திரும்பும். சபையில் விவாதம் பத்து நிமிடம்கூட இல்லை.

இதெல்லாம் நடந்தபின், தொழிற்சாலை முகாமையாளர் பதவி வெற்றிடமானபோது அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். சொன்ன காரணம், இவர் ஒருபோதும் ஒரு பிரிவின் இலாப நட்டத்துக்குப் பொறுப்பாக இருந்ததில்லை என்பது. இரண்டு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கட்டாரில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்து அழைப்பும் வந்தது.

அந்தக் காரணம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன், அவரிடமும் அப்படியே சொன்னேன். கணக்கு வாசிக்கத் தெரிவது வேறு, மாதக் கடைசியில் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்வது வேறு. வகுப்பறை முதலாவதை மட்டும்தான் தரும். 2024 தொடக்கத்தில் அவர் பொது முகாமையாளரிடம் போய்ப் பதவி கேட்காமல் ஒரு பொறுப்பைக் கேட்டார். பொதியிடல், விநியோகப் பிரிவைத் தனிக்கணக்காகப் பிரித்துத் தரும்படி. சம்பள உயர்வு 8 வீதம்தான். கட்டாருக்கு இல்லை என்று எழுதினார். ஓராண்டு அந்தப் பிரிவை நடத்தினார், முதல் நான்கு மாதம் திட்டமிட்டதைவிடச் செலவு கூடியது, பிறகு பிடித்துக்கொண்டார். 2025இல் செயற்பாட்டுப் பிரதி முகாமையாளர். வரவுசெலவுத் திட்டத்தின் அரைவாசியை இப்போது அவரே எழுதுகிறார்.

இனி என்றால் எதை மாற்றுவோம்

நிறுவனம் தரும் பாதிக் கட்டணத்தை வாங்கியிருப்போம். பிணைமுறியில் பேரம் பேச இடம் இருந்தது, நாங்கள் பேசவே இல்லை. கடன்தான் என்றால் நிலையான வட்டி, சற்றுக் கூடுதலாக இருந்தாலும்.

தனிக்கணக்குள்ள சிறு பிரிவு ஒன்றைப் படிப்பின் முதல் ஆண்டிலேயே கேட்டிருக்க வேண்டும். 2021இல் கேட்டிருந்தால் 2023 நேர்முகத்தில் அந்தக் காரணம் எழுந்திராது. ஆய்வுக்கான அனுமதிக் கடிதத்தையும் தலைப்பு முடிவாகும் அன்றே. இரண்டும் அவர் சொன்ன திருத்தங்கள். என் பக்கத்தில், 2020இலேயே மாதம் ஒருமுறை பராமரிப்பும் கணக்கும் ஒரு மேசையில் இருந்திருக்கலாம். இப்போது இருக்கிறோம். நான் ஓய்வு பெற்றபின்னும் அந்த நாளுக்குப் போகிறேன்.

அவருக்குக் கீழே இருக்கும் இளம் பொறியியலாளர் ஒருவர் இந்த முறை அதே படிப்புக்கு விண்ணப்பிக்கிறார். மனிதவளப் பிரிவு கொடுத்த பிணைமுறி நகலைப் போன வாரம் மூவரும் வரி வரியாக வாசித்தோம். பிணைக்காலத்தை மூன்று ஆண்டிலிருந்து இரண்டாக்க வேண்டும், படிப்பு முடியுமுன் தனிக்கணக்குப் பிரிவு ஒன்றைத் தருவதாக நிறுவனமும் எழுதித் தரவேண்டும் என்று திருத்தி அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.